படம் வரையும் இயந்திரம்: முறைகளும் நம் பொறுப்பும்



பெருநாள் நெருங்கினால் நம் கடைகளுக்கு விலை அட்டையும் வாழ்த்து அட்டையும் தேவைப்படுகின்றன. முன்பெல்லாம் அச்சகத்தில் சொல்லிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தோம். இப்பொழுதோ சுங்கை ஆயர் தாவாரில் மளிகைக் கடை வைத்திருப்பவரும், சபாக் பெர்ணமில் துணிக்கடை வைத்திருப்பவரும், கைப்பேசியில் உரையாடும் இயந்திரத்திடம் நாலு வரி எழுதிக் கேட்டு, ஒரு நிமிஷத்தில் படத்தை வாங்கிவிடுகிறார்கள். செயற்கை அறிவு என்று இதைச் சொல்கிறார்கள். இதில் பல முறைகள் உண்டு. எந்த முறை எதற்கு உதவும், எதில் ஆபத்து என்பதை நம்மில் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே இந்தப் பாடம்.

முதலாவது, விரைவு முறை. கேட்டவுடன் வரைந்து தந்துவிடும். சென்ற நோன்புப் பெருநாளைக்கு அரிசி, நெய், பேரீச்சம்பழம் மூன்றின் விலையும், மேலே அரபியில் ‘ஈத் முபாரக்’ என்ற வாழ்த்தும் வைத்து ஓர் அட்டை கேட்டேன். படம் வெகு அழகு; பேரீச்சம்பழம் கையில் எடுத்துத் தின்னலாம் போலிருந்தது. ஆனால் 19 வெள்ளி 20 காசு என்று நான் எழுதிக் கொடுத்த நெய், அட்டையில் 12 வெள்ளி 90 காசு ஆகிவிட்டது. வாழ்த்தின் முதல் எழுத்தாகிய ஐனின் தலையில் ஒரு புள்ளி ஏறி, அது கைன் ஆகிவிட்டது. மதரஸாவில் நாலு எழுத்து ஓதியதால் கண்ணில் பட்டது. இல்லையேல் அப்படியே வாசலில் ஒட்டியிருப்பேன்.

இதன் காரணம் யாதெனில், இயந்திரம் எழுத்தை நம்மைப் போல ஓதி எழுதுவதில்லை. பழத்தை வரைவது போலவே எழுத்தையும் உருவமாக வரைகிறது. பழத்தில் ஒரு புள்ளி கூடினால் குற்றமில்லை. ‘ரஹ்மத்’தின் ரே மீது ஒரு புள்ளி கூடினாலோ, அருள் என்ற சொல் ‘ஸஹ்மத்’ என்றாகி, உருதுவில் தொல்லை என்று பொருள்படும். விலையும் அப்படியே. அட்டையில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை என்றால் வாங்க வந்தவர் நம்மைத்தான் மோசக்காரர் என்பார். அளவை நிறுவையில் குறைப்போரை எச்சரிக்கும் ஸூரா அல்முதஃப்பிஃபீன் தராசுத் தட்டுக்கு மட்டும் உரியதா?

இரண்டாவது, யோசிக்கும் முறை. கூகிள் நிறுவனம் 2025 நவம்பரில் தன் ஜெமினி இயந்திரத்தில் புதிய பட வசதியை வெளியிட்டபொழுது, விரைவு என்றும் யோசிப்பு என்றும் இரண்டையும் தனித்தனியே வைத்தது. யோசிக்கும் முறை, எது எங்கே நிற்க வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று முதலில் திட்டமிட்டுப் பிறகு வரையும். எழுத்தும் எண்ணும் பெரும்பாலும் சரியாக வரும். நேரம் கூடுதல்; இலவசமாகக் கிடைக்கும் எண்ணிக்கை குறைவு. ஆகவே வெறும் அலங்காரத்துக்கு விரைவு முறை போதும். எழுத்தும் விலையும் இருந்தால் யோசிக்கும் முறையே மேல். அதிலும் மேலான வழி, படத்தை மட்டும் இயந்திரத்திடம் வாங்கி, எழுத்துக்கு இடம் விடச் சொல்லி, விலையை நாமே பதிப்பது. குர்ஆன் ஆயத்தை எந்த முறையிலும் வரையச் சொல்லாதீர்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. தேசியக் கொடியைப் படத்தில் வைத்தால் 14 கோடுகளையும், விண்மீனின் 14 முனைகளையும், பிறையையும் எண்ணிப் பாருங்கள். உணவுப் படங்களில் இயந்திரம் கேளாமலே ஹலால் முத்திரை போன்ற ஒன்றை வரைந்துவிடக்கூடும். சான்று பெறாத கடை அந்த முத்திரையைக் காட்டுவது 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின்படி குற்றம். ‘இயந்திரம் வரைந்தது’ என்ற பதில் அங்கே செல்லாது.

மூன்றாவது, திருத்தும் முறை. நாம் கொடுக்கும் புகைப்படத்தையே மாற்றித் தரும். கடைப் படத்தில் குறுக்கே நிற்கும் மோட்டார் சைக்கிளை நீக்குவதற்கு நல்லது. ஆனால் மனிதர் முகத்தைக் கொடுக்கும்பொழுது விஷயம் வேறாகிறது.

அமெரிக்காவின் எக்ஸ்ஏஐ நிறுவனம் 2025 ஆகஸ்டில் தன் குரோக் இயந்திரத்தில், படத்தை அசையும் படமாக்கச் சில முறைகளை வைத்தது. சாதாரணம், வேடிக்கை என்பவற்றோடு ‘காரம்’ என்றும் ஒரு முறை. மிளகாய்த்தூள் விற்கும் நமக்குச் சிரிப்பு வரலாம். அந்தக் காரத்தின் பொருள் ஆபாசம். அவ்வாண்டு டிசம்பர் கடைசியில், எக்ஸ் தளத்தில் பெண்கள் போட்டிருந்த படங்களை எடுத்து, ஆடையைக் குறைத்துக் காட்டும்படி பலர் குரோக்கை ஏவினார்கள். அதுவும் கேட்டபடி செய்தது. சிறுமியர் படங்களும் தப்பவில்லை. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 2026 ஜனவரி 9-ல் நிறுவனம் அந்தத் தளத்தில் படம் செய்யும் வசதியைப் பணம் கட்டுவோருக்கு மட்டும் என்று ஆக்கியது. ஹராமான சரக்குக்கு விலை வைத்தால் அது ஹலால் ஆகுமா? ஜனவரி 10-ல் இந்தோனேசியாவும், 11-ல் நம் மலேசியாவும் குரோக்கைத் தடுத்தன. பிறகு நிறுவனம் பாதுகாப்பு ஏற்பாடு செய்ததன் பேரில், ஜனவரி 23-ல் நம் நாட்டில் தடை நீங்கியது.

தடை நீங்கினாலும் பாடம் நீங்கவில்லை. முறையை வைத்தது கம்பெனி. விரலால் அழுத்தியது மனிதன். நம் கல்லாவில் இருக்கும் பெண்பிள்ளையின் முகத்தை எடுத்து, புதிதாக வந்த பாஜு கூரோங்கை அணிந்தது போல விளம்பரம் செய்ய ஒரு முதலாளி நினைக்கலாம். உடை கண்ணியமானதுதான், இருந்தாலும் அவளையும் அவள் வீட்டாரையும் கேட்டீர்களா? முகமும் ஓர் அமானத். நிக்காஹ் வீட்டுப் படங்களைக் கண்ட இயந்திரத்துக்கெல்லாம் கொடுப்பதும் அப்படியே. நம் பிள்ளைகள் கைப்பேசியில் எந்த முறையைத் திறக்கிறார்கள் என்று பார்ப்பதும் நமது கடமை.

ஆகவே சகோதரர்களே, பொத்தானை அழுத்துமுன் மூன்றைக் கேளுங்கள்: இது உண்மையான சரக்கா, உண்மையான விலையா? எழுத்தை ஓதத் தெரிந்த ஒருவர் பார்த்தாரா? முகத்துக்கு உரியவர் சம்மதித்தாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் கையை எடுத்துவிடுங்கள். இயந்திரத்திடம் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை; நாளை நம்மிடம்தான் கேட்கப்படும்.