வாளிக்குப் போகிற கூட்டு

அன்புள்ள செல்விக்கு,

அத்தை எழுதுவது. போனில் சொன்னால் ‘சரி அத்தை, சரி அத்தை’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மெஸ்ஸில் கூட்டம் குறையவில்லை, கல்லாவில்தான் காசு நிற்கவில்லை என்றாய். காய்கறி விலை, கேஸ் விலை எல்லாம் வரிசையாகச் சொன்னாய். சாயங்காலம் பன்றிக்காரர் எடுத்துப்போகிற வாளியைப் பற்றி மட்டும் போகிற போக்கில் ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது.

முதலில் வாளியை இரண்டாக்கு. அண்டாவில் மிஞ்சினது ஒன்றில், இலையில் மிஞ்சினது இன்னொன்றில். அண்டாவில் மிஞ்சினது உன் கணக்குப் பிசகு. அதை நீயே சரிபண்ணலாம்: ஒன்றரை மணிக்கு மேல் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த உலை வை, போதும். இலையில் மிஞ்சினது அப்படியில்லை. அது ஏன் மிஞ்சியது என்று சாப்பிட்டவர் சொன்னால்தான் தெரியும்.

சொல்ல மாட்டார்கள் என்கிறாயா? நீ கேட்கிற விதம் அப்படி. கல்லாவில் காசு வாங்கும்போது ‘சாப்பாடு எப்படிண்ணே?’ என்று கேட்டால், ‘நல்லாருந்துச்சு’ என்றுதான் பதில் வரும். நம்ம ஆட்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் நாளைக்கு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். கூகுளில் நட்சத்திரம் போடுகிறவரும் கூட்டைப் பற்றி எழுதப்போவதில்லை. அதனால் சின்னதாகக் கேள். இலையில் இருக்கும்போதே, ‘கூட்டு காரமா இருக்காண்ணே?’, ‘சோறு கூடிப்போச்சோ?’ என்று கேள். குறையை நம் பக்கம் வைத்துக் கேட்டால் மனுஷர் வாயைத் திறப்பார். சில கடைகளில் மிச்சம் வைத்தால் அபராதம் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. காசும் கொடுத்துத் திட்டும் வாங்க எவன் வருவான்?

உன்னைவிட இலை எடுக்கிற மாரியம்மாவுக்கு அதிகம் தெரியும். சாப்பிட்டவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவளுக்குத்தான் வெளிச்சம். நாலு மணிக்கு அவளை உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேள். வாழைத்தண்டுக் கூட்டு எல்லா இலையிலும் தொட்டும் தொடாமலும் கிடந்தால், நார் எடுக்காமல் போட்டிருப்பார்கள், இல்லை உப்பு ஏறியிருக்கும். எல்லா இலையிலும் பாதிப்பாதி கிடந்தால் ருசியில் குறையில்லை, கரண்டிதான் பெரிசு. ஒரு வரிசையில் மட்டும் சோறு குவிந்து கிடந்தால், அங்கே பரிமாறுகிற பையன் கேட்காமலே கொட்டுகிறான். கொஞ்சமாக வைத்து நாலு தடவை போகச் சொல். அவனுக்குக் கால் வலிக்கும்தான்.

இலையாவது கண்ணில் படும். பார்சல் எங்கே பிரிக்கிறார்கள், எதைக் கொட்டுகிறார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? 2022-ல் உலகத்தில் 105 கோடி டன் சாப்பாடு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல் அறிக்கை விட்டதை உன் மாமா படித்துக் காட்டினார். ஹோட்டல் மாதிரி இடங்களில் போனது 28 சதவீதமாம், வீடுகளில் போனது 60 சதவீதமாம். நாம் கட்டிக்கொடுத்த பார்சலில் பாதியும் அந்த வீட்டுக் கணக்கில்தானே விழும் என்று எனக்குத் தோன்றியது.

உன் கடைக்கு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து பார்சல் வாங்க வருகிறார்களே, அவர்களிடம் யாருக்கு என்று கேட்டிருக்கிறாயா? நோயாளி ரசத்தையும் மோரையும்தான் தொடுவார். சாம்பார், வத்தக்குழம்பு, பொரியல், அப்பளம் எல்லாம் வார்டு குப்பைத்தொட்டிக்குப் போகும். ஒரு ரசச்சோறு, மோர்ச்சோறு பார்சல் போட்டு விலையைக் குறைத்து வை. விலையைக் குறைக்காமல் அளவை மட்டும் குறைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். கடையில் அளவுச் சாப்பாட்டுக்கும் இதேதான். கொஞ்சம் போதும் என்று கேட்கவே சிலருக்குக் கூச்சம். விலைப்பலகையில் எழுதிவிட்டால் கூச்சம் போய்விடும்.

இத்தனைக்கும் பிறகு அண்டாவில் மிஞ்சினால், சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிடு. மிஞ்சிய சாப்பாட்டைக் கொடுப்பதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் விதிமுறை போட்டிருக்கிறது. கோயம்புத்தூரில் 2014-ல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ மாதிரி அமைப்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ராத்திரி வரை வைத்திருந்து, வாடை வந்தபிறகு முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டுப் புண்ணியம் தேடாதே. அதற்குப் பன்றிக்காரரே மேல்.

புரட்டாசி வருகிறது. சனிக்கிழமை மீன்குழம்புக்கு ஆள் இருக்காது. வாடிக்கைக்காரர்களிடம் வெள்ளிக்கிழமையே ‘நாளைக்குச் சைவமாண்ணே?’ என்று கேட்டுக்கொண்டு சரக்கு எடு.

இன்னொன்று. வந்த குறையை மாஸ்டரிடம் நாலு பேர் முன்னால் சொல்லிவிடாதே. மறுநாள் வேலைக்கு வர மாட்டார். அடுப்படி ஒதுங்கினபிறகு தனியாகக் கூப்பிட்டு, அந்தக் கூட்டில் ஒரு வாய் அவரையே சாப்பிட்டுப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
அத்தை