வானத்தில் சோலார் வரும்வரை பொறுக்கலாமா?

போன மாதக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, விண்வெளியிலேயே பேனல் போட்டுக் கரண்டைக் கீழே அனுப்பப் போறாங்களாமே. நான் பம்புசெட்டுக்குக் கடன் வாங்கி இப்பவே சோலார் போடணுமா, கொஞ்சம் பொறுக்கலாமா?" நியாயமான கேள்வி. உட்கார்ந்து படித்துப் பார்த்தேன்.

யோசனை பழையது. 1968-ல் அமெரிக்காவில் பீட்டர் கிளேசர் என்ற பொறியாளர் சொன்னது. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு மேகம் கிடையாது. வருடத்தில் சில வாரங்கள், நள்ளிரவையொட்டி ஒரு மணி நேரம் சொச்சம் தவிர இருட்டும் கிடையாது. அங்கே எடுக்கும் மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றிக் கீழே அனுப்பினால், தரையில் கம்பிவலை போன்ற ஆன்டெனா அதை வாங்கி மறுபடி மின்சாரமாக்கும்.

டார்ச் வெளிச்சம் தூரம் போகப் போக அகலுகிற மாதிரி இந்த அலையும் அகலும். 1970-களின் கடைசியில் நாசாவும் அமெரிக்க எரிசக்தித் துறையும் போட்ட திட்டத்தில், மேலே இருக்கும் ஆன்டெனா 1 கிலோமீட்டர் அகலம். கீழே இருப்பது 10-க்கு 13 கிலோமீட்டர் நீள்வட்டம். ஏறக்குறைய 25,000 ஏக்கர்! எனக்கு நிலம் எடுக்கும் நோட்டீஸ்தான் ஞாபகம் வந்தது. ஆனால் கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. அங்கே கிடைப்பது இரவு பகலாக 5,000 மெகாவாட். மெகாவாட்டுக்கு 5 ஏக்கர் வீதம் அதே நிலத்தில் தரைப் பேனல் போட்டால், உச்சி வெயிலில் 5,000 வரும். இரவையும் மேகத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். தவிர, வலை வெயிலைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடும், அடியில் பயிர் வைக்கலாம் என்கிறார்கள்.

அலையின் பலம் நடுவில் சதுர மீட்டருக்கு 230 வாட், உச்சி வெயிலில் கால்பங்கு. காக்கை பொசுங்கிவிடாது. தேனீக்களைக்கூட அதே வகை அலையில் மணிக்கணக்கில் வைத்துப் பார்த்து, பாதிப்பு தெரியவில்லை என்று 1981-ல் எழுதினார்கள். மணிக்கணக்கு வேறு, முப்பது வருடம் வேறு. என் நிலத்துக்கு மேலே என்றால் நான் இன்னும் நிறையக் கேட்பேன்.

கடன் மனு பார்த்தே பழகிய எனக்கு உறுத்துவது இன்னொன்று. இதைச் சின்னதாக ஆரம்பிக்க முடியாது. மேலே ஆன்டெனாவைச் சிறிதாக்கினால் கீழே வட்டம் இன்னும் பெருக்கும். 10 சென்ட்டில் பாரம்பரிய நெல் போட்டுப் பார்த்து அடுத்த போகம் கூட்டிக்கொள்கிற வேலை இங்கே நடக்காது. 2023-ல் கால்டெக் பல்கலைக்கழகம் சுற்றுப்பாதையிலிருந்து அனுப்பிய அலையைத் தன் கட்டடக் கூரையில் பிடித்துக் காட்டியது. சாதனைதான், ஆனால் வந்து சேர்ந்தது கருவி உணர்கிற அளவு, பம்பு ஓட்டுகிற அளவு இல்லை. 2024-ல் நாசா வெளியிட்ட மதிப்பீட்டில், பார்த்த இரண்டு வடிவமைப்பில் மலிவானதற்கே யூனிட் 61 அமெரிக்க சென்ட். நம் பணத்தில் சுமார் 50 ரூபாய். ராக்கெட் செலவே அதில் பெரும்பங்கு.

தம்பியிடம் சொன்னேன்: "பொறுக்க வேண்டாம், போடுங்க. ஆனா கோடையில உங்க கிணறு எத்தனை மணி நேரம் தாங்குதுன்னு முதல்ல அளந்து பாருங்க. அதுக்கு ஏத்த குதிரைத்திறனுக்கு மட்டும் கடன் கேளுங்க."