கழிப்பறையும் ஒரு கணக்குதான்!

தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீங்க. பாலம், அணைக்கட்டு என்று எழுதாமல், சிவில் படிக்கிற பொண்ணு 'கக்கூஸ்' பத்தி எழுதுறாளே என்று தோன்றலாம். ஆனால் நாளைக்கு நம்மில் பலர் மாநகராட்சியிலோ காண்ட்ராக்டரிடமோ வேலைக்குப் போகப்போகிறோம். குடிசைப் பகுதியின் பொதுக் கழிப்பறைக்குப் பிளான் போடப்போவது நாம்தான். நம் பிளானில் குறை இருந்தால் அதிகம் கஷ்டப்படுவது அங்குள்ள பெண்கள்!

உடம்பு சொல்லும் பாடம்

பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ. மட்டுமே. ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. அதனால் குடலில் வாழும் இ.கோலை போன்ற கிருமிகள் பெண்களின் சிறுநீர்ப்பையைச் சுலபமாக எட்டிவிடும். கழிப்பறை தூரமாக, இருட்டாக, அசுத்தமாக இருந்தால் பெண்கள் என்ன செய்கிறார்கள்? தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். மணிக்கணக்காக அடக்கி வைக்கிறார்கள். கிருமியை வெளியே அடித்துச் செல்ல வேண்டிய சிறுநீர் உள்ளேயே தங்குகிறது. எரிச்சல், காய்ச்சல் வருகிறது. கர்ப்பிணிக்குத் தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் குறைப்பிரசவ ஆபத்தும் உண்டு. ஆக, இது வெறும் கூச்ச விஷயம் இல்லீங்க, நோய் விஷயம்!

எண்ணிக்கைக் கணக்கு

2014-ல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் நகர்ப்புற வழிகாட்டுதல் என்ன சொல்கிறது? சமுதாயக் கழிப்பறையில் 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை. ஒரு குடியிருப்பில் 200 ஆண்கள், 200 பெண்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஆண்கள்: 200 ÷ 35 = 5.7, அதாவது 6.
பெண்கள்: 200 ÷ 25 = 8.
மொத்தம் 14.

'ரெண்டு பக்கமும் ஏழு ஏழா போட்டுடலாமே, அதுவும் 14 தானே?' என்று கேட்கலாம். 7 × 25 = 175. மீதி 25 பெண்கள் கணக்கிலேயே வரவில்லை! சிறுநீர் கழிக்கவும் பெண்களுக்கு அறைதான் வேண்டும். சேலை, மாதவிலக்கு, கையில் குழந்தை என்று நேரமும் கூடுதலாகும்.

உள்ளே என்ன வேண்டும்?

உறுதியான தாழ்ப்பாள், மின்விளக்கு, அறைக்குள்ளேயே குழாய், துணி மாட்டக் கொக்கி, கண் மட்டத்துக்கு மேலே ஜன்னல், மூடியுள்ள குப்பைத்தொட்டி. மாதவிலக்குத் துணியைச் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காய வைக்க வேண்டும். ஓரறை வீட்டில் அதற்கு இடமேது? கழிப்பறையோடு மறைவான ஓர் அலசும் இடமும் கொடியும் சேர்த்தால் பெரிய செலவு ஆகாது. தொட்டி இல்லாவிட்டால் நாப்கின் கோப்பைக்குள் போகும்; குழாய் அடைக்கும். பிறகு யாரை இறக்குவது? பாதுகாப்புக் கருவியின்றிச் செப்டிக் டேங்கில் மனிதரை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

யார் பராமரிப்பது?

கட்டுவதோடு வேலை முடிந்ததா? பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகளை நாம் பார்க்காத ஊரா! இதற்குத் திருச்சி நல்ல வழி காட்டியது. 'கிராமாலயா' தொண்டு நிறுவனத்தின் துணையோடு குடியிருப்புப் பெண்களே குழு அமைத்தார்கள். முறை வைத்து வாசலில் உட்கார்ந்து, சிறு கட்டணம் வாங்கி, கணக்கு எழுதி, அந்தப் பணத்திலேயே சுத்தம் செய்தார்கள். அங்குள்ள கல்மந்தை 2002-ல் திறந்தவெளியில் மலம் கழிக்காத குடியிருப்பாக அறிவிக்கப்பட்டது. பயன்படுத்துகிறவர் கையில் சாவி இருந்தால் கட்டடம் நிலைக்கும் என்பதே இதன் பாடம்.

எனவே நண்பர்களே, நாளை இப்படி ஒரு பிளான் உங்கள் மேஜைக்கு வந்தால், கையெழுத்துக்கு அனுப்பும் முன் அந்தத் தெருப் பெண்கள் நாலு பேரிடம் காட்டுங்கள். 'அக்கா, விளக்கு எங்க வேணும்? வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம்?' என்று கேளுங்கள். நம் பாடப்புத்தகத்தில் இல்லாத பதில் அவர்களிடம் இருக்கும்!