நார்த்தங்காய் வற்றல்: வெயில் எவ்வளவு, உப்பு எவ்வளவு?

ஐப்பசி, கார்த்திகை மழையில் எலுமிச்சை விலை இறங்கும். பங்குனி, சித்திரையில் அதே பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டு வருகிறோம். 2022 கோடையில் நாடு முழுவதும் எலுமிச்சை விலை ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். புளியங்குடி பக்கத்திலேயே இருந்தும் நம் ஊருக்கு அதிலிருந்து தப்பிக்க வழியில்லை. ஆகவே மலிவான நாளில் நாம் பை நிறைய வாங்குகிறோம். பாதி பழம் கூடையிலேயே அழுகிக் குப்பைக்குப் போகிறது. காசு போவது ஒரு பக்கம், அது இஸ்ராஃப் என்னும் வீண் விரயமாகவும் ஆகிவிடுகிறது.

இதற்கு நம் உம்மாமார்கள் கண்ட வழி வற்றல். அதிலும் உப்பு நார்த்தங்காய். குர்ஆன் ஓதும் முஃமினுக்கு நபி (ஸல்) அவர்கள் உவமையாகச் சொன்ன, மணமும் சுவையும் சேர்ந்த ‘உத்ருஜ்ஜா’ பழம் நார்த்தை இனத்தைச் சேர்ந்ததுதான். தூத்துக்குடியில் உப்புக்குப் பஞ்சமில்லை, வெயிலுக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. காய் மலிவாகக் கிடைக்கும் மழை நாளில் வெயில் இருக்காது. உப்பு இங்கேதான் கைகொடுக்கிறது. காயிலுள்ள தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிடும். அந்த உப்புச் சாற்றில் கிருமி எளிதில் வளராது. எனவே ஜாடியில் போட்ட காய் வெயில் வரும்வரை காத்திருக்கும். உப்பளங்களில் வேலை துவங்கும் தை, மாசி வெயில்தான் மாடியில் வற்றல் போடவும் ஏற்றது.

செய்முறை பலருக்குத் தெரிந்ததே. காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துண்டாகிவிடாமல் சுருள் சுருளாக நறுக்க வேண்டும். விதையை எடுத்துவிடுங்கள், கசப்பு குறையும். சுருளுக்குள் கல் உப்பை அடைத்துப் பீங்கான் ஜாடியில் போட்டு, தினமும் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். ஒரு கிலோ காய்க்கு 200 முதல் 250 கிராம் உப்பு. அலுமினியம், பித்தளைப் பாத்திரம் கூடாது. புளிப்பு உலோகத்தை அரித்துவிடும். மூன்று, நான்கு நாளில் சாறு ஊறும். நல்ல வெயில் வந்ததும் காலையில் காயை மட்டும் எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பி, மாலையில் மறுபடி அதே சாற்றில் போடுங்கள். சாறு முழுவதும் காயில் ஏறியபின் தனியாக ஒரு வாரம், பத்து நாள் காய்ச்சல் வேண்டும். லாரிப் புழுதி பறக்கும் ரோட்டோர வீடுகளில் மேலே ஒரு கொசுவலைத் துணி போட்டுவிட்டால் ஈயும் அண்டாது.

கெட்டுப்போவது பெரும்பாலும் கடைசி நாட்களில்தான். ‘காய்ந்துவிட்டது, அஸருக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், மஃரிபுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்’ என்று மாடியிலேயே விட்டுவிடுகிறோம். நம்முடையது கடற்கரை ஊர். பொழுது சாய்ந்ததும் காற்றில் ஈரம் ஏறும். கல் உப்பில் கொஞ்சம் மக்னீசியம் உப்பும் இருப்பதால் அது அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அடைமழையில் அடுப்படி உப்புச் சட்டி நசநசப்பதும் இதனால்தான். ஆகவே வெயில் தாழுமுன் எடுத்து, சூடு ஆறியபின் மூடிவையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

மேலே வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சை அல்ல. உப்புப் பூத்திருந்தால் மணல்போல நறநறக்கும், தண்ணீரில் கரைந்துவிடும். பூஞ்சை பஞ்சு போலவோ மயிர் போலவோ இருக்கும், வாடையும் மாறியிருக்கும். பச்சை, கறுப்புத் திட்டு கண்டால் அந்த ஜாடியையே கொட்டிவிடுங்கள். துடைத்துவிட்டு மறுபடி வெயிலில் வைத்தால் மேலே தெரிவது போகும், உள்ளே ஊடுருவியது போகாது.

இனி, இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான விஷயம். ஒரு கிலோ காய் முழுக்கக் காய்ந்தால் அதன் எடை சுமார் 200 கிராமுக்கு வந்துவிடும். நாம் போட்ட 200 கிராம் உப்பு அப்படியே இருக்கும். அதாவது வற்றலில் ஏறக்குறைய பாதி எடை உப்பு! நான்கு கிராம் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டால் இரண்டு கிராம் உப்பு உள்ளே போகிறது. ஒரு பெரியவருக்கு நாள் முழுவதற்கும் ஐந்து கிராமுக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘நார்த்தங்காய் பித்தத்துக்கு நல்லது’ என்று பிரஷர் மாத்திரை சாப்பிடும் வாப்பாவின் தட்டில் தினமும் இரண்டு துண்டு வைப்பது அன்பாகத்தான் வைக்கிறோம், ஆனால் அவருக்கு அது ஆகாது. கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கும் அப்படியே. மசக்கையில் வாய்க்கு இதமாக இருக்கிறது என்று கேட்கும் மகளுக்கு ஒரு சிறு கீற்று கொடுக்கலாம். பிரஷர் இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தால் அதுவும் வேண்டாம். ரமளானில் ஸஹருக்கு இதைத் தொடாதிருப்பதே நல்லது, பகலெல்லாம் தாகம் எடுக்கும். இஃப்தாரில் கஞ்சியோடு ஒரு கிள்ளு போதும்.

அப்படியானால் அந்த வீடுகளில் எலுமிச்சையை எப்படிச் சேமிப்பது? வளைகுடாவில் வேலை பார்த்துவந்த சகோதரர்களைக் கேளுங்கள், ‘லூமி’ என்பார்கள். ஓமானிலும் ஈராக்கிலும் சிறிய எலுமிச்சையை முழுதாக உப்புத் தண்ணீரில் சில நிமிடம் கொதிக்கவிட்டு, கறுத்து இறுகும்வரை வெயிலில் காயவைக்கிறார்கள். இறைச்சிக் குழம்பிலும் மஜ்பூஸ் சோற்றிலும் அதைப் போடுவார்கள். ஊறப்போடும் வேலை இல்லாததால் உப்பு குறைவாகவே ஏறும். உப்பில்லாத தண்ணீரில் கொதிக்கவிட்டும் செய்யலாம். முழுப் பழம் காய மூன்று, நான்கு வாரம் ஆகும். நம் ஊர்க் காற்றுக்குப் பொறுமை இல்லாதவர்கள் வட்டமாக நறுக்கி, விதை நீக்கிக் காயவைத்தால் சில நாளில் முடிந்துவிடும். கையால் ஒடித்தால் ‘பட்’டென்று ஒடிய வேண்டும். பொடித்து வைத்துக்கொண்டால் ரசத்திலும் மீன் குழம்பிலும் புளிப்புக்கு ஆகும்; புளிப்பு ஏறினால் உப்பும் குறைவாகவே தேவைப்படும். ஒன்று மட்டும்: வெயிலில் காய்ந்த பழத்தில் வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும். அதற்குப் பச்சை எலுமிச்சையும் நெல்லிக்காயும்தான்.

விற்பனைக்குச் செய்ய நினைக்கும் சகோதரிகள் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். சிறு அளவில் செய்பவர்களுக்கும் அது கட்டாயம். பாக்கெட்டில் செய்த தேதியோடு, உப்பு எவ்வளவு போட்டீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.