முதியோர் மரணமும் புற்றுநோய்க் கணக்கும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனையாகும் கூடத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் எடை உண்டு, தரம் உண்டு, விலை உண்டு. யாவும் எழுத்தில் ஏறிவிடுகின்றன. ஏலத்தோட்டங்களில் வாழ்நாளெல்லாம் உழைத்த ஒருவர், எழுபது வயதில், குரங்கணி போன்றதொரு மலையடி ஊரில் தம் வீட்டுத் திண்ணையிலேயே கண்ணை மூடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்நோயால் மாண்டார் என்பது எழுத்தில் ஏறுவது அரிது. ஆறு மாதமாகச் சோறு இறங்கவில்லை, உடல் இளைத்தது, பிறகு படுத்த படுக்கை. இவ்வளவும் வீட்டாருக்குத் தெரியும். ஆயினும் பதிவுக்குச் செல்லும்போது "வயசாகிவிட்டது" என்ற ஒரு சொல்லே போகிறது.

முதியோரிடையே புற்றுநோய் மரணம் பெருகி வருகிறதா, குறைந்து வருகிறதா என்று நம் வாசகர்கள் கேட்கக்கூடும். விடை கூறுமுன் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மரணத்தின் எண்ணிக்கை வேறு, மரண விகிதம் வேறு. ஒரு பஞ்சாயத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 500 பேர் இருந்த காலத்தில் ஆண்டுக்கு மூவர் புற்றுநோயால் இறந்தனர் என்று கொள்வோம். பின்னர் அதே பஞ்சாயத்தில் முதியோர் 1,000 பேராகி, ஆண்டுக்கு அறுவர் இறக்கின்றனர். "நோய் இரு மடங்காகிவிட்டது" என்று ஊர் அஞ்சும். உண்மையில் விகிதம் இம்மியும் மாறவில்லை. முதியோர் தொகைதான் இரு மடங்காயிற்று. சுதந்திரம் பெற்ற காலத்தில் 32 ஆண்டு அளவில் இருந்த இந்தியரின் சராசரி ஆயுள் இன்று 70-ஐ ஒட்டி நிற்கிறது. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அம்மையும் காலராவும் மலேரியாவும் முன்னாளில் இளமையிலேயே கொண்டுபோன மக்கள் இன்று முதுமையைக் காண்கிறார்கள். புற்றுநோயோ வயது ஏற ஏற மிகும் இயல்புடையது. ஆகையால், வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்காத எந்தக் கணக்கும் நம்மை ஏமாற்றும்.

அவ்வாறு பிரித்துப் பார்க்கும் வசதி தமிழ்நாட்டில் முதலில் சென்னைக்கே வாய்த்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அங்கிருந்தே 1982 முதல் நகரத்தின் புற்றுநோயாளர் அனைவரையும் பதிவு செய்யும் பணி நடைபெற்று வருகிறது. அப்பதிவேடு காட்டும் உண்மை ஒன்றல்ல, பல. தொடக்கத்தில் பெண்களிடையே முதலிடம் வகித்த கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆண்டுக்கு ஆண்டு இறங்கிப் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மார்பகப் புற்றுநோய் ஏறி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆண்களிடையே வயிற்றுப் புற்றுநோய் தளர்கிறது. திருமண வயது உயர்ந்தமை, பிரசவங்கள் குறைந்தமை, தூய்மை, நல்ல உணவு ஆகியன இந்த இறக்கத்திற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆகவே "புற்றுநோய் ஏறுகிறது" என்று மொத்தமாகச் சொல்வதில் பொருளில்லை. எந்தப் புற்றுநோய், எந்த வயதில், ஆணிடமா பெண்ணிடமா என்று கேட்பதே முறை.

சென்னைக் கணக்கு நமக்கு எதற்கு, இது பட்டணத்தார் நோயல்லவா என்று கிராமத்தார் எண்ணுவதுண்டு. அது தவறு. இந்தியா முழுவதிலும் மரணம் நேர்ந்த வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் சென்று, நோயின் அறிகுறிகளை உறவினரிடம் பொறுமையாகக் கேட்டு எழுதினர். அவ்வெழுத்தை மருத்துவர்கள் படித்துக் காரணத்தை நிர்ணயித்தனர். 2012-இல் வெளியான அந்த ஆய்வின்படி, 2010-ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர் புற்றுநோயால் மாண்டனர். முப்பது முதல் அறுபத்தொன்பது வயது வரை உள்ளோரில் லட்சத்திற்கு இத்தனை என்று பார்த்தபோது, கிராமத்து ஆண்கள் 96, நகரத்து ஆண்கள் 102. கிராமத்துப் பெண்கள் 97, நகரத்துப் பெண்கள் 91. வேறுபாடு சொற்பமே. ஆண்களின் புற்றுநோய் மரணங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை புகையிலையால் விளையும் வகையைச் சேர்ந்தவை.

இந்தக் கேட்டறியும் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. எழுபது வயதுக்கு மேற்பட்டோர் விஷயத்தில் அது தடுமாறுகிறது. வீட்டாரே நோயை நோயாகக் கருதாமல் மூப்பாகக் கருதிவிடுவதால் சொல்லத் தக்க விவரம் குறைந்துபோகிறது. மிகுதியாக இந்நோய் வரும் வயதிலேயே நம் அறிவு மிகக் குறைவாக இருப்பது விந்தைதான்.

பிற நாடுகளின் நெடுங்காலக் கணக்கு இன்னொரு பாடத்தைத் தருகிறது. புகைப்பழக்கத்திற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் எடுத்துக்காட்டினர். ஆயினும் அந்நாட்டு ஆண்களிடையே அந்நோயின் மரண விகிதம் 1970-களில்தான் உச்சத்தைக் கண்டு இறங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் எல்லாப் புற்றுநோய்களும் சேர்ந்த மரண விகிதம் 1991 வரை ஏறி, அதன்பின் மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்திருக்கிறது. அங்கும் குறைவு முதலில் இளையோரிடமே தோன்றியது. எழுபத்தைந்தைக் கடந்தோரிடம் அது வந்து சேர 1990-கள் ஆயின. காரணம் எளிது. எழுபதில் கொல்லும் நோய்க்கு வித்து முப்பதிலும் நாற்பதிலும் விழுந்துவிடுகிறது. இன்று தோட்டத்து வேலைக்கு ஜீப்பில் ஏறும் இளைஞன் கடைவாயில் அடக்கிக்கொள்ளும் புகையிலைக்குரிய கணக்கு 2050-ஐ ஒட்டித்தான் எழுதப்படும்.

(தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்தே எல்லாப் புற்றுநோய்க்கும் மூலம் என்று இப்பக்கத்தில் சிலர் கூறுவர். மருந்து தெளிப்போர் உடலை மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டுவது அவசியமே. ஆனால் புகையிலைக்கு எதிராக உள்ள சாட்சியம் அதைவிடப் பன்மடங்கு வலிமையானது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது நியாயமன்று.)

நம் அண்டை மாவட்டமாகிய திண்டுக்கல்லில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலிருந்து கிராமத்துப் புற்றுநோயாளரைப் பதிவு செய்யும் வேலை 1990-களிலேயே தொடங்கியது. கருப்பை வாய்ப் புற்றுநோய் அங்கு மிக அதிகம் என்பது அதனால் வெளிப்பட்டது. 2000-ஆம் ஆண்டில், முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயது வரை உள்ள பெண்களுக்கு ஒரு சோதனை தொடங்கினார்கள். பயிற்சி பெற்ற செவிலியர் காடித் துளி போன்ற அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிப் பார்ப்பார். வெண்மை படர்ந்தால் ஐயம். பெரும்பாலும் அங்கேயே குளிரூட்டிச் சிகிச்சையும் செய்யலாம். பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ஏழாண்டுக்குப்பின் கணக்கிட்டபோது, சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேர்ந்த மரணம் மற்ற ஊர்களைவிட நூற்றுக்கு 35 பங்கு குறைவாக இருந்தது. ஒரே ஒரு முறை பார்த்ததற்கே இவ்வளவு பலன்! பதிவேடு இல்லையேல் இந்தப் பலனை எவரும் அறிந்திருக்க முடியாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் தேனி மாவட்டத்திற்கும் இதில் பங்குண்டு. தமிழ்நாடு அரசாங்கம் இச்சோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்திப் பார்க்க முதலில் தேர்ந்த இரு மாவட்டங்களில் தேனி ஒன்று, மற்றது தஞ்சாவூர். 2007-ஐ அடுத்த ஆண்டுகளில் இங்கு பெற்ற அனுபவத்தைக் கொண்டே 2012 முதல் மாநிலமெங்கும் விரிவாக்கினார்கள். இருந்தும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், முப்பது முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் இச்சோதனையை என்றேனும் செய்துகொண்டவர் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேரைக்கூட எட்டவில்லை. இந்திய மாநிலங்களுள் இதுவே முதலிடம் என்பது பெருமைப்படத் தக்கதாக நமக்குத் தோன்றவில்லை.

வாய்ப் புற்றுநோய்க்கும் இத்தகைய சான்று உண்டு. திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று வாயைத் திறக்கச் செய்து வெளிச்சத்தில் பார்த்தனர். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. புகையிலை அடக்கும் இடத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் முழுதும் திறக்க இயலாமை, விழுங்கும்போது தடை ஆகிய இவற்றைக் கண்டால் நாள் கடத்தலாகாது. மாதவிடாய் நின்று பல்லாண்டு கழித்து மீண்டும் உதிரம் காணும் மூதாட்டி, வெட்கத்தால் அதை மகளிடமும் மறைக்கிறாள். எவ்வயதானாலும் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி.

இனி, மரணம் நேர்ந்தபின் செய்ய வேண்டியது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி மரணத்தை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். கடைசி நோயில் பார்த்த மருத்துவர், காரணத்தைக் குறித்த சான்றைக் கட்டணம் பெறாமல் தரக் கடமைப்பட்டவர். வீட்டில் நேர்ந்த மரணமாயின், தேனியிலோ மதுரையிலோ பெரிய ஆஸ்பத்திரியில் முன்பு காட்டிய சீட்டு இருந்தால் அதைப் பதிவாளரிடம் கொண்டுபோக வேண்டும். இறப்பு அறிக்கைப் படிவத்தில் இறந்தவர் புகைபிடித்தவரா, புகையிலை மென்றவரா, பாக்கு மென்றவரா, மது அருந்தியவரா, எத்தனை ஆண்டுகள் என்று கேட்கும் கட்டங்கள் இருக்கின்றன. பலரும் அவற்றை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். எழுதத் தெரிந்த பேரனோ பேத்தியோ உடன் சென்று அக்கட்டங்களை நிரப்பச் செய்தல் நலம். விவரம் அறிந்த பாட்டி வீட்டில் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொண்டு செல்ல வேண்டும்.