கொல்லக் கூடாதவரைக் கொன்று பார்

அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்த கையோடு நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் ஒன்றை வாங்கிவிட்டான். மறுநாளே போன்.

"மாமா, ஆர்பிஜி கேம் எதுல ஆரம்பிக்கலாம்? பெதஸ்டாவா, பயோவேரா, லாரியனா? யாரு பெஸ்ட்டு?"

"எதை வேணா எடுடா. ஆனா உள்ள போனதும் கதைக்கு ரொம்ப முக்கியமான ஆளு எவனோ, அவனைப் போட்டுத் தள்ளு. கேம் என்ன பண்ணுதுன்னு பாரு. அப்புறம் பேசலாம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருபது வருடமாக நான் கேம்களை நிறுத்துப் பார்க்கும் தராசு அதுதான்.

அந்தத் தராசு கையில் கிடைத்தது மோரோவிண்டில். 2002-இல் பெதஸ்டா வெளியிட்ட கேம். பால்மோரா என்ற ஊரில் கையஸ் கோசடஸ் என்று ஒரு பெரியவர், மேல்சட்டை இல்லாமல் சின்ன வீட்டில் இருப்பார். முக்கியக் கதையே அவர் வாயிலிருந்துதான் கிளம்பும். வீட்டில் நல்ல சாமான் ஏதாவது இருக்கும் என்ற நப்பாசையில் அவரை அடித்தேன். ஏழெட்டு முறை நான் செத்தேன், ஒரு முறை அவர் செத்தார். உடனே ஓர் அறிவிப்பு வந்தது. விதியின் இழை அறுந்துபோச்சு, பழைய சேவுக்குத் திரும்பு, இல்லையென்றால் நீயே கெடுத்த உலகத்தில் கிட என்கிற மாதிரி. அவ்வளவுதான். கதவைச் சாத்தவில்லை. நானும் திரும்பாமல் ஒரு மாதம் அந்தக் கெட்டுப்போன உலகத்தில் திரிந்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அப்படிக் கெடுத்தவனும் கதையை முடிப்பதற்கு ஒரு கொல்லைப்புற வழியை வைத்திருக்கிறார்கள் என்று. கடவுளாகக் கும்பிடப்படும் விவெக்கையே கொன்று, அவரிடம் இருக்கும் கையுறையை எடுத்துக்கொண்டு துவேமர் இனத்தில் மிஞ்சிய கடைசி ஆளிடம் போக வேண்டும்.

அதே பெதஸ்டாவின் ஸ்கைரிமில், 2011-இல், ஒயிட்ரன் நகரத் தலைவர் பால்க்ரூஃபை வெட்டிப் பார்த்தேன். மனிதர் மண்டியிட்டார், மூச்சு வாங்கினார், எழுந்துவிட்டார். மறுபடி வெட்டினேன், மறுபடி எழுந்தார். கதை பத்திரம். என் கத்திக்குத்தான் மதிப்பில்லை. இத்தனைக்கும் ஸ்கைரிமில் முந்நூறு மணி நேரத்துக்கு மேல் கழித்திருக்கிறேன். பனிமலையில் சும்மா ஏறி இறங்குவதற்கே அந்த கேமை வைத்துக்கொள்ளலாம். இடத்தை உண்டாக்குவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஸ்கைரிமுக்கு ஒரு வருடம் முன்னால், 2010-இல் வந்தது ஃபால்அவுட் நியூ வேகாஸ். பெதஸ்டா வெளியிட்டாலும் செய்தது அப்சிடியன், சுமார் 18 மாதத்தில். இங்கே குழந்தைகளைத் தவிர அநேகமாக எவரையும் கொல்லலாம். எல்லோரையும் கொன்றுவிட்டால் கதை எப்படி முடியும்? அதற்கென்றே யெஸ் மேன் என்று ஒரு ரோபோ. அதைச் சுட்டால், வேறொரு உடம்பில் ஏறி, அதே சிரிப்போடு திரும்பி வரும். நான் என்னென்ன அக்கிரமம் செய்வேன் என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்தவர்களின் வேலை அது.

கம்பெனி பேரைக் கேட்ட மருமகனுக்கு நான் சொன்ன இன்னொரு விஷயம்: பலகையைப் பார்க்காதே, மாஸ்டர் யாரென்று பார். ஹோட்டல் பேர் அதேதான் இருக்கும், சால்னா மட்டும் மாறியிருக்கும். 1997-இல் முதல் ஃபால்அவுட்டைச் செய்தது இன்டர்பிளே. அதன் முக்கியக் கைகளான டிம் கெய்னும் லெனர்ட் போயார்ஸ்கியும் வெளியேறி டிராய்காவைத் தொடங்கினார்கள். ஆர்கேனம் என்ற கேம் அவர்கள் செய்ததுதான். டிராய்கா 2005-இல் மூடப்பட்டது. இன்டர்பிளேயின் பிளாக் ஐல் பிரிவு 2003-இல் கலைந்தது; அதே வருடம் அங்கிருந்து வெளியேறியவர்கள் அப்சிடியனைத் தொடங்கினார்கள். பிற்பாடு கெய்னும் போயார்ஸ்கியும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். ஃபால்அவுட் என்ற பெயர் பெதஸ்டாவிடம் போனது, கைப்பக்குவம் வேறு அடுப்படிக்குப் போனது.

அந்தப் பக்குவத்துக்கு ஒரு சாம்பிள். ஃபால்அவுட் 2-இல் புத்திக்குக் குறைந்த புள்ளி கொடுத்து ஓர் ஆளை உருவாக்கினால், அவன் வாயில் வார்த்தை வராது, உறுமல்தான். ஊரே அவனைப் பார்த்துப் பரிதாபப்படும். கிளாமத் என்ற ஊரில் டார் என்று இன்னொருவன், அவனுக்கும் அதே கதை. இவனும் அவனும் சந்திக்கும்போது, திடீரென்று இருவரும் பேராசிரியர்கள் மாதிரி செந்நடையில் உரையாடுகிறார்கள்! இரவு ஒரு மணிக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நூற்றில் தொண்ணூறு பேர் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதியிருக்கிறார்கள்.

பயோவேர் என் தராசில் ஏறாது. டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸில் நினைத்த ஆள் மேல் கத்தியை ஓங்கவே முடியாது. ஆனால் துரோகம் செய்த லோகெய்னை மன்னித்துப் படையில் சேர்த்தேன். முதலிலிருந்து கூடவே வந்து கடி ஜோக் அடித்துக்கொண்டிருந்த அலிஸ்டர், முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் கேமைத் திறக்கவில்லை. தராசு தப்பா, நான் தப்பா என்று அப்போதுதான் முதல்முறையாக யோசித்தேன். சிலர் ஊரைக் கட்டுகிறார்கள், சிலர் விளைவைக் கட்டுகிறார்கள், இவர்கள் கூட வருகிற ஆளைக் கட்டுகிறார்கள்.

சேவ் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊர் மின்வெட்டுக் காலத்தில் பழகியது: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விரல் தானாக அந்த பட்டனுக்குப் போகும். நல்ல பழக்கம்தான். ஆனால் பேச்சில் சறுக்கினால் உடனே லோட் போடுவது கெட்ட பழக்கம். டிஸ்கோ எலிசியத்தில், உடம்புக்குப் புள்ளி மிச்சம் பிடித்த என் போலீஸ்காரர், சீலிங் ஃபேனில் தொங்கிய டையை எட்டி எடுக்கப் போய் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். முதல் அறையைக்கூடத் தாண்டவில்லை. அதற்கு மட்டும் லோட் போடலாம். மற்றத் தோல்விகளை அப்படியே விடு. நல்ல வசனமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

வாங்குவதற்கும் ஒரு யோசனை. ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். இந்த வகை கேம்களில் மூக்கு, தாடை, தலைமுடி நிறம் தேர்ந்தெடுப்பதற்கே பாதி நேரம் போய்விடும். அதனால் முதல் தடவை கிடைத்த முகத்தோடு உள்ளே போ. பிடித்திருந்தால் பிறகு அழகு பார்த்துக்கொள்ளலாம். வெளியான அன்றே ஓடவும் வேண்டாம். ஒரு வருடம் பொறுத்தால் பிழைகளும் குறையும், விலையும் குறையும்.

மருமகன் கடைசியில் லாரியனின் பால்டர்ஸ் கேட் 3-ஐ எடுத்தான். ஒரு வாரம் சத்தமே இல்லை. போன ஞாயிறு ராத்திரி போன்.

"மாமா, நீங்க சொன்ன மாதிரி ஒருத்தனைக் கொன்னேன். செத்தவங்ககிட்ட பேசற மந்திரம் கிடைச்சுது. அவன்கிட்டயே போய் ரகசியம் கேட்டா, வாயே தொறக்க மாட்டேங்கிறான்."

"கொன்னவன்கிட்ட எவன்டா பேசுவான்? உருவம் மாத்திக்கிற மந்திரம் இருக்கும் பாரு. வேற மூஞ்சியோட போ."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம். அப்புறம், "யோவ் மாமா!"