கூரைச் சூரிய மின்சாரமும் கணக்கு முறைகளும்

புத்தளம் மாவட்டக் கரையோரக் கமக்காரர்களின் கவனத்திற்கு

கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் மிளகாய், வெங்காயம் பயிரிடுவோர்க்கும், குளத்து நீரை நம்பி நெல் விதைத்து வீட்டுத் தோட்டத்துக்குக் கிணற்று நீர் இறைப்போர்க்கும் மின்பட்டியல் பெருஞ் செலவாகும். இதனைக் குறைக்கப் பலர் வீட்டுக் கூரையிற் சூரியத் தகடுகளைப் பொருத்துகின்றனர். எத்தனை தகடு வேண்டும் என்பதை ஆராயும் கமக்காரர், எக்கணக்கு முறை தமக்கு ஏற்றது என்பதை ஆராயாது விடுவதுண்டு. ஒப்பந்தம் 20 ஆண்டுகளுக்கு உரியதாகையால், இது பின்னர் எளிதில் திருத்தக்கூடிய பிழையன்று.

மூன்று முறைகள்

1. நெற் மீற்றரிங்: இலங்கையில் 2010ஆம் ஆண்டு தொடங்கியது. நீங்கள் உற்பத்தி செய்த அலகுகள் நீங்கள் பாவித்த அலகுகளிலிருந்து கழிக்கப்படும். மிகுதி அலகுகள் வரும் மாதங்களுக்கு வரவு வைக்கப்படும். அவற்றிற்குப் பணம் கிடையாது.

2. நெற் அக்கவுண்டிங்: கழித்தல் மேற்கூறியவாறே நடைபெறும். ஆனால் மாதந்தோறும் மிகும் அலகுகளுக்குப் பணம் தரப்படும்.

3. நெற் பிளஸ்: உற்பத்தி முழுவதும் தனி மானி வழியே விற்கப்படும். வீட்டில் பாவித்த மின்சாரம் முழுவதற்கும் வழமையான பட்டியல் வரும்.

பின்னைய இரண்டும் 2016ஆம் ஆண்டின் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்துடன் பரவின. எம்முறையிலும் நிலையான மாதக் கட்டணம் நீங்காது.

கணக்கிட்டுப் பார்க்கும் விதம்

ஒரு கிலோவாற்றுத் தகடுகள் மாதம் ஏறத்தாழ 100 முதல் 120 அலகுகள் தரும். உதாரணமாக, ஒரு வீட்டின் தகடுகள் மாதம் 400 அலகுகள் தருகின்றன எனக் கொள்வோம். நீரிறைக்கும் மோட்டரும் அவ்வீட்டு மானியிலேயே இணைந்துள்ளது. பெரும்போக மழை மாதத்தில் பாவனை 150 அலகு. சிறுபோக வரட்சி மாதத்தில் 650 அலகு. எளிமைக்காக, விற்கும் விலை அலகுக்கு 20 ரூபா என்றும் வாங்கும் விலை 40 ரூபா என்றும் வைப்போம்.

நெற் மீற்றரிங்கில், மழை மாதத்தில் மிஞ்சிய 250 அலகுகள் வரட்சி மாதத்தின் 250 அலகுக் குறையை நிரப்பும்; அலகுக் கட்டணம் ஏதுமில்லை. நெற் அக்கவுண்டிங்கில் அதே 250 அலகுகளை 5,000 ரூபாவுக்கு விற்று, பின்னர் 10,000 ரூபாவுக்கு வாங்க நேரும். நட்டம் 5,000 ரூபா. நெற் பிளஸில் 800 அலகுகளை 16,000 ரூபாவுக்கு விற்று, 800 அலகுகளுக்கு 32,000 ரூபா செலுத்த நேரும். கைப்பொறுப்பு 16,000 ரூபா.

விற்கும் விலை வாங்கும் விலையிலும் உயர்ந்திருப்பின் இவ்வரிசை தலைகீழாகும். பாவனை கூடக் கூட அலகு விலை படிப்படியாக உயர்வதால், குறைவாகப் பாவித்துக் கீழ்ப் படியில் நிற்கும் வீட்டுக்கு விற்பனை முறை இலாபமாகலாம். நீரிறைப்பினால் மேற்படிக்கு ஏறும் கமக்காரருக்குக் கழிக்கும் முறையே பெரும்பாலும் நன்று. மோட்டர் வேறு மானியில் இருப்பின், வீட்டுக் கூரையின் அலகுகள் அதன் பட்டியலைக் குறைக்கும் என நம்பிக் கடன் படலாகாது.

விலை நிலையானதன்று

2016ஆம் ஆண்டுத் திட்டத்தில் முதல் 7 ஆண்டுகளுக்கு அலகுக்கு 22 ரூபாவும், எஞ்சிய 13 ஆண்டுகளுக்கு 15.50 ரூபாவும் குறிக்கப்பட்டன. 2017இல் இணைந்தவருக்கு 2024இல் விலை இறங்கியது. 2022இல் புதிதாக இணைவோர்க்கு 37 ரூபா அறிவிக்கப்பட்டு, பின்னர் அது குறைக்கப்பட்டது. ஆகவே அயலவர் பெறும் விலை உமக்கும் கிடைக்கும் என எண்ணற்க. கடன் தவணையை முதலாண்டு வருமானத்தை மட்டும் கொண்டு தீர்மானித்தலும் தவறாகும்.

ஒப்பமிடுமுன் செய்ய வேண்டியவை

(அ) கடந்த 12 மாத மின்பட்டியல்களை வரிசைப்படுத்தி, மழைக்கால, வரட்சிக்காலப் பாவனைகளைத் தனித்தனியே குறித்துக்கொள்க.

(ஆ) அன்றைய விலையையும், உமக்குத் திறந்துள்ள முறைகளையும், உமது பகுதி மின்மாற்றி மேலும் இணைப்பை ஏற்குமா என்பதையும் பிரதேச மின் காரியாலயத்தில் கேட்டறிந்த பின்னரே தகடு வாங்குக.

(இ) மின்தடையின்போது, கம்பியில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காகச் சாதாரண இன்வேட்டர் தானே நின்றுவிடும். பற்றரி இல்லாவிடில் நடுப்பகல் வெயிலிலும் மோட்டர் ஓடாது.

(ஈ) கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும். துருப்பிடியாத ஆணிகளையும் சட்டங்களையும் கேட்டு வாங்குக.

இறுதியாக ஒன்று. கற்பிட்டி மணலின் கீழ் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கின்றது. கணக்கில் அலகு மிஞ்சியிருக்கிறதென்று அளவுக்கு மேல் இறைப்பின் கிணறு உவராகும். மிஞ்சிய அலகு அடுத்த மாதத்திற்கு உதவும். உவரான கிணற்றை எக்கணக்கு முறையும் மீட்டுத் தராது. பயிருக்கு வேண்டிய நீரின் அளவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து, அதன்படியே மோட்டரை இயக்குக.